எக்ஸ்பெடிஷன்ஸ்: வைக்கிங் – நாள் கெடு இந்த கேமைக் கெடுக்குதா, காப்பாத்துதா?

கடல்நாகம்

ரொம்ப நாளா இதைப் பேசணும்னு இருந்தேன். எக்ஸ்பெடிஷன்ஸ்: வைக்கிங், 2017-ல் வந்த கம்ப்யூட்டர் கேம். கோபன்ஹேகன்ல இருந்த லாஜிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் பண்ணினது. ஆடாதவங்களுக்குச் சுருக்கமா கதை: கி.பி. 790 வாக்கில டென்மார்க்கோட யூட்லாந்துல ஸ்கியெர்ன்னு ஒரு ஊர். குலத்தலைவரா இருந்த அப்பா மேற்கே கடல் தாண்டிப் போன இடத்துல செத்துட்டார். தலைமை உங்க கைக்கு வருது. கையிருப்பு ஒண்ணுமில்ல. அக்கம்பக்கத்துத் தலைவர்கள் நிலத்தைப் பிடுங்கக் காத்திருக்காங்க. நீங்க கப்பல் கட்டி பிரிட்டனுக்குப் போய், செல்வமோ கூட்டாளியோ சேர்த்துக்கிட்டு, குறிச்ச நாளுக்குள்ள ஊர் திரும்பணும். மந்திரம், டிராகன் எதுவும் கிடையாது. சண்டையெல்லாம் அறுகோணக் கட்டத்துல, டர்ன் பேஸ்டு, அதாவது தரப்புக்கு ஒரு முறைன்னு ஆடணும்.

அந்தக் "குறிச்ச நாளுக்குள்ள" பிடிக்காமத்தான் நிறைய பேர் பாதியில விட்டுடறாங்க. என்னைக் கேட்டா இந்த கேமோட உயிரே அதுலதான் இருக்கு. மேப்ல ஒவ்வொரு பயணமும் நாளைத் தின்னுது. ராத்திரி முகாம் போட்டா ஒருத்தர் வேட்டைக்குப் போகணும், ஒருத்தர் காவல் நிக்கணும், ஒருத்தர் காயத்துக்கு மருந்து கட்டணும், மிச்சப் பேர் தூங்கணும். சண்டையில விழுந்தவன் காயத்தோட எழுந்திருப்பான். அதைக் கவனிக்கலன்னா மோசமாகும், கடைசியில ஆளே போயிடுவான். அப்போ ஒரு சண்டையில அலட்சியமா இருந்தா அதுக்கான விலை நாள் கணக்கா வெளியே போகுது. சண்டை, சோறு, மருந்து, பயணம் எல்லாத்தையும் சேர்த்துக் கட்டுற கயிறு இந்தக் கெடுதான்.

2020-ல வந்த இன்னொரு வைக்கிங் கேமான அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலாவுல இங்கிலாந்து கண்ணைப் பறிக்கும், ஒத்துக்கறேன். ஆனா அதுல என்னைக்கும் எதுவும் பிந்திப் போறதில்ல. உலகமே நமக்காகக் காத்திருக்கும். அந்தக் காலத்துத் தலைவன் ஒருத்தனோட மனநிலை எனக்கு அங்கே வரவே இல்ல. இங்கே வந்தது.

செஞ்சுடர்

உங்கள் உற்சாகம் புரிகிறது. ஆனால் முற்றிலும் மாறுபடுகிறேன்.

ரோல்பிளேயிங் கேமில் எனக்கு முதல் இன்பம் மனிதர்கள். யார்க் நகரத்துக்குள் நுழைகிறேன். அந்தக் காலத்தில் வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரியா அரசின் மக்கள் எயோஃபர்விக் என்று அழைத்த ஊர். பேச வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு சிக்கல் இருக்கிறது, ஒரு கதை இருக்கிறது. நானோ "இதற்கு நாலு நாள் போகும், வேண்டாம்" என்று திரும்பி நடக்கிறேன். எழுதியவர்கள் உழைத்து வைத்த கதையை அவர்களே போட்ட விதியால் நான் படிக்காமல் போகிறேன். இதில் யாருக்கு லாபம்?

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. ஒரு குலத்தலைவனுக்குத் தன் நாட்டின் தூரமும் காற்றும் சிறுவயதிலிருந்தே தெரியும். முதன்முறை ஆடுகிற எனக்கு எதுவும் தெரியாது. எந்தப் பயணம் பலன் தரும், எது வீண் என்று தெரியாத நிலையில் நாள் எண்ணச் சொன்னால், அது தலைவனின் கவலையை எனக்குத் தரவில்லை. வழிகாட்டிக் கட்டுரையைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடுகிறவருக்குப் பரிசும், நம்பி ஆடுகிறவருக்குத் தண்டனையும் தருகிறது.

மூன்றாவது, பெரும்பாலானோர் காயம் பட்டதும் முன்பு சேமித்துவைத்த இடத்துக்கு ரீலோட் செய்து திரும்பிவிடுகிறார்கள். காயம் நாளைத் தின்னும் என்ற உங்கள் கயிறு அங்கேயே அறுந்துவிடுகிறது.

ஹெக்ஸ்_ராஜா

ரெண்டு பேரும் சண்டையைத் தொட்டும் தொடாமலும் போறீங்க. கெடு வேலை செய்யுதா இல்லையான்னு முடிவாகிற இடமே அதுதான்.

இந்த கேம்ல ஒரு தரப்பு முழுசா நகர்ந்து முடிச்ச பிறகுதான் அடுத்த தரப்பு. ஆளுக்கு ஒரு முறைன்னு மாறி மாறி வராது. அதனால முதல் டர்ன் கையில கிடைச்சவன் ரெண்டு மூணு பேரைச் சாய்ச்சுடலாம். வில்லுக்காரங்களை மறைவுக்குப் பின்னாடி வச்சு, எல்லாரும் ஒரே ஆளைக் குறிவைக்கணும். அரைகுறையா அஞ்சு பேரைக் காயப்படுத்தினா அஞ்சு பேரும் திருப்பி அடிப்பாங்க. ஈட்டி ரெண்டு கட்டம் எட்டும், அதனால கேடயக்காரனை முன்னாடி விட்டு அவன் தோளுக்குப் பின்னாடி ஈட்டிக்காரியை நிறுத்தலாம். எதிரி ஒட்டி நிற்கும்போது விலகினா இலவசமா ஒரு அடி வாங்குவீங்க. அதனால முன்னேறுறது சுலபம், பின்வாங்குறது கஷ்டம். எங்கே போய் நிற்கணும்னு நடக்குறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

முதல் பாதியில இது அற்புதமா இருக்கு. கையில நல்ல ஆயுதம் இல்ல, திறன் குறைவு, ஒவ்வொரு சண்டைக்கும் யாராவது ஒருத்தர் படுத்துடறாங்க. அப்போ முகாம், மருந்து, நாள் எல்லாமே கழுத்தைப் பிடிக்குது. ஆனா பிரிட்டன்ல பாதி தாண்டினதும் குழு பலமாயிடுது. யாரும் விழுறதில்ல. காயம் இல்லன்னா மருந்து தேவையில்ல, ஓய்வு தேவையில்ல, நாள் மிஞ்சுது. அப்புறம் கெடுங்கறது சும்மா ஒரு எண். கடல்நாகம் சொல்ற கயிறு முதல் பாதிக்கு உண்மை, ரெண்டாம் பாதிக்கு இல்ல.

ரீலோட் பத்தி: அது ஆடுறவங்க தேர்வு. நான் எடுக்க மாட்டேன். எடுக்கிறவங்க காயத்தை அனுபவிக்கலன்னு விதியைக் குறை சொல்ல முடியாது.

பழந்தாள்

விவாதம் நன்றாகப் போகிறது. "வரலாற்று கேம்" என்று சொல்லும்போது எவ்வளவு வரலாறு என்பதையும் கொஞ்சம் அளந்துகொள்வோம்.

இதில் நீண்ட காம்புள்ள டேன் கோடரியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றலாம். அந்த வகைக் கோடரி 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவுகிறது. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066 போரைக் காட்டும் பேயோ துணிச்சித்திரத்தில் அதைப் பார்க்கலாம். கதை நடப்பதோ 790. ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்குப் பிந்தைய ஆயுதம் அது. ஆடுவதற்குச் சுவையாக இருக்கிறது என்பதற்காக வைத்திருக்கிறார்கள். தவறில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

ஈட்டிக்குக் கொடுத்த இடம் சரியானது. அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் கையில் இருந்தது ஈட்டிதான். வாள் செல்வந்தர் பொருள். கேடயமும் பெரும்பாலும் சரி. நார்வேயில் 1880-இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள், கறுப்பும் மஞ்சளுமாக வண்ணம் பூசியவை. நடுவில் இரும்புக் குமிழ், அதன் பின்னால் ஒற்றைக் கைப்பிடி. முன்கையில் வார் போட்டுக் கட்டிக்கொள்கிற கேடயம் அல்ல. கையால் பிடித்துச் சுழற்றலாம், தள்ளலாம், குத்தலாம். கேடயத்தால் இடிக்கிற திறன் கேமில் இருப்பது பொருத்தம்தான்.

ஆறு பேரை வைத்துக்கொண்டு போர் என்கிறார்களே என்று சிலர் நகைப்பதைப் பார்த்திருக்கிறேன். தெற்கு இங்கிலாந்தில் இருந்த வெசெக்ஸ் நாட்டின் அரசன் இனேயின் சட்டம், 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியது, ஏழு பேர் வரை திருடர் என்கிறது. ஏழிலிருந்து முப்பத்தைந்து வரை கொள்ளைக் கும்பல். அதற்கு மேல் போனால் படை. முப்பத்தாறு பேர் வந்தாலே படையெடுப்பு என்று கருதிய உலகம் அது. ஆறு பேர் ஒரு பண்ணையின் வாசலில் ஆயுதத்தோடு நின்றால், அந்தப் பண்ணைக்காரருக்கு அதுவே பேரழிவு.

செஞ்சுடர்

பழந்தாள் சொன்னதை என் வாதத்துக்கும் எடுத்துக்கொள்கிறேன். ஆடுவதற்குச் சுவையாக இருப்பதால் டேன் கோடரியை வைத்தார்கள் என்றால், ஆடுவதற்குச் சுவையில்லாத கெடுவை வரலாற்றின் பெயரால் ஏன் காப்பாற்ற வேண்டும்?

சண்டையைப் பற்றியும் ஒன்று. ஒரு தரப்பு முழுதும் வெட்டி முடிக்கும்வரை மறுதரப்பு நின்று பார்க்கிறது. அடுத்தவர் கால் எங்கே போகிறது என்று தெரியாத குழப்பம், புழுதி, பயம் எதுவும் இல்லை. மேலே இருந்து கட்டத்தைப் பார்த்துக் காய் நகர்த்துகிறோம். இதை வரலாற்று அனுபவம் என்று எப்படி ஏற்பது?

ஹெக்ஸ்_ராஜா

எது குழப்பம்? படுறதுக்கு எண்பது சதவீத வாய்ப்புன்னு காட்டின அம்பு தவறும்போது வர்றதுதான் குழப்பம். அந்த ஒரு அம்பு தவறினதால கேடயம் தூக்கி நின்னவன் பக்கவாட்டுல மாட்டிக்குவான், அவனைக் காப்பாத்த ஈட்டிக்காரி இடத்தை விட்டு வரணும், அவ வந்த ஓட்டையில எதிரி புகுந்துடுவான். போட்ட திட்டம் உடைஞ்சு, இருக்கிற ரெண்டு பேரை வச்சு என்ன பண்ணலாம்னு தேடுற அந்தப் பத்து நிமிஷம் எனக்கு எந்த ஆக்‌ஷன் கேம்லயும் கிடைச்சதில்ல. ஆக்‌ஷன் கேம்ல என் விரல் வேகமா இருந்தா நான் பிழைச்சேன். இங்கே என் முடிவு சரியா இருந்தாத்தான் என் ஆட்கள் பிழைப்பாங்க. தலைவன் வேலை முடிவெடுக்கிறதுதானே?

பழந்தாள்

கட்டத்தில் காய் நகர்த்துவது அவர்களுக்கு அந்நியமானதும் அல்ல, செஞ்சுடர். எஸ்டோனியாவின் சால்மே என்ற ஊரில் 2008-லும் 2010-லும் இரண்டு கப்பல்கள் கிடைத்தன. காலம் ஏறக்குறைய 750, அதாவது இந்தக் கதைக்கு ஒரு தலைமுறை முன்பு. கப்பலோடு புதைத்த போர்வீரர்கள் ஒன்றில் ஏழு பேர், மற்றதில் முப்பத்து நான்கு பேர். வெட்டுக்காயத்தோடு இறந்தவர்கள் பலர். ஸ்வீடனின் மேலாரன் ஏரிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாள்களோடு ஆட்டக்காய்களையும் நிறையப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். ஒருவரின் வாயில் அரசன் காய் இருந்தது.

அவர்கள் ஆடிய நெஃபடாஃப்ல் ஆட்டத்தில் இரு தரப்பும் சமமில்லை. நடுவில் அரசனும் அவன் ஆட்களும். சுற்றி அவர்களைப் போல் இருமடங்கு எதிரிகள். அரசன் தப்பினால் ஒரு தரப்புக்கு வெற்றி, பிடிபட்டால் மறு தரப்புக்கு. ஆறு பேரோடு பன்னிரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டு வழி தேடும் சண்டையை இந்த கேமில் ஆடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. சண்டையின் புழுதியை இது காட்டவில்லை, உண்மை. சண்டையை அவர்கள் எப்படி எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்பதற்கு அருகில் வருகிறது என்பேன்.

வில்லவன்

பெண்ணைத் தலைவராக வைத்து ஆடலாம், பெண்கள் கேடயம் பிடித்து முன்வரிசையில் நிற்கலாம். இதெல்லாம் எப்படி வரலாறு?

யூட்லாந்துக்காரி

நான் டென்மார்க்கில ஹெர்னிங் பக்கம் இருக்கிறன். இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தன், வில்லவன் கேட்டதுக்காக எழுதுறன். ஸ்வீடனில பிர்காவில 1878-இல தோண்டின ஒரு கல்லறை இருக்கு. வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், ரெண்டு குதிரை, ஆட்டக்காய் எல்லாத்தோடையும் புதைச்ச ஒரு ஆள். நூறு வருசத்துக்கு மேல அதை ஆண் எண்டுதான் நம்பினவை. 2017-இல டி.என்.ஏ. பார்த்துப் பெண் எண்டு சொல்லிச்சினம். அந்தப் பெண் உண்மையில சண்டை பிடிச்சவவோ எண்டு இப்பவும் வாதம் நடக்குது. அது 10-ஆம் நூற்றாண்டுக் கல்லறை எண்டதும் உண்மை. ஆனால் "நடந்திருக்கவே ஏலாது" எண்டு சொல்லுறதுக்கு இப்ப ஆருக்கும் இடமில்லை. நீங்கள் ஆணாவும் ஆடலாம், தெரிவு உங்கட கையில.

இனி கெடு பற்றி. ஸ்கியெர்ன் எங்கட வீட்டிலயிருந்து காரில ஒரு மணித்தியாலத்துக்குள்ள. இண்டைக்கு அது ஒரு சின்ன ரவுண். பக்கத்தில ஓடுற ஸ்கியெர்ன் ஆறுதான் டென்மார்க்கில ஆகக் கூடத் தண்ணி ஓடுற ஆறு. 1960-களில அதை நேராக்கி வயலாக்கினவை, பிறகு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைத் திருப்பி ஆத்துக்கே விட்டவை. இதெல்லாம் ஏன் சொல்லுறன் எண்டால், அந்த மேற்குக் கரையில போய் நிண்டு பாத்தால்தான் கெடு எண்டால் என்னவெண்டு விளங்கும். ஐப்பசி, கார்த்திகையில மேற்கால அடிக்கிற காத்துக்கு மனிசர் நிமிர்ந்து நிக்கேலாது. எஸ்பியர்க் துறைமுகம் 1868-க்குப் பிறகு கட்டினது. அதுக்கு முதல் அந்தக் கரையில பெரிய கப்பலுக்கு நல்ல ஒதுக்கிடமே குறைவு. கேமில வாற ரீபே கூட கடல் விளிம்பில இல்லை, ஆத்துக்குள்ள தள்ளித்தான் இருக்கு. 700-களின்ர தொடக்கத்திலயே அங்க சந்தை இருந்தது. சீப்புச் செய்யிறவை, கண்ணாடி மணி செய்யிறவை, சின்னச் சின்ன வெள்ளிக் காசு எல்லாம் அங்க மண்ணுக்குள்ளயிருந்து வந்தது. அருங்காட்சியகத்தில போய்ப் பாக்கலாம்.

திறந்த கப்பலில வடகடலைத் தாண்டுறவனுக்கு இளவேனில் தொடக்கம் இலையுதிர்காலம் வரைக்கும்தான் காலம். நார்தம்பிரியாக் கரையில இருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் அடிச்சது 793 ஆனி (ஜூன்) 8. சும்மா வந்த திகதி இல்லை அது, கடல் திறக்கிற காலம். காத்து மாற முதல் திரும்பாட்டில் வெளிநாட்டில குளிர்காலம். அதால கெடு இருக்கத்தான் வேணும், கடல்நாகம் சொல்லுறது சரி. ஆனால் கேம் அதைச் சொல்லுற விதம் எனக்குப் பிடிக்கேல்லை. ஊர் அரசியலுக்காக நாள் எண்ணச் சொல்லுது. காத்துக்காகச் சொல்லியிருந்தால் செஞ்சுடருக்கும் கோவம் வந்திராது.

கடல்நாகம்

அக்கா, உங்க இந்த ஒரு பதிவுக்காகவே இந்தப் பேச்சைத் தொடங்கினது தகும்.

செஞ்சுடருக்கு ஒரு விஷயம் சொல்றேன். கெடு இல்லன்னு வச்சுப்போம். அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க? எல்லாரோட வேலையையும் முடிச்சுக் கொடுப்பீங்க, எல்லாரோடவும் நட்பாயிடுவீங்க, ஒருத்தர் பொருளையும் தொட மாட்டீங்க. நானும் அப்படித்தான் ஆடுவேன். நேரம் எல்லையில்லாம இருந்தா நல்லவனா இருக்கிறதுக்கு ஒரு காசு செலவில்ல.

கெடு இருக்கறதாலதான் கொள்ளைங்கறது ஒரு உண்மையான ஆசையா வருது. மிரட்டிப் பறிச்சா உடனே கைக்கு வரும். நட்பு பிடிக்கணும்னா அவங்க கஷ்டத்தைக் கேட்டு நாலு ஊர் நடந்து திரும்பணும். நார்தம்பிரியா பக்கம் நிக்கறதா, வடக்கே இன்னைக்கு ஸ்காட்லாந்துன்னு சொல்ற இடத்துல இருந்த பிக்ட் மக்கள் பக்கம் நிக்கறதாங்கற முடிவும் அப்படித்தான், ரெண்டு பேரையும் சாவகாசமா அனுபவிச்சுட்டு முடிவு பண்ண முடியாது. ஊர்ல இருக்கிறவங்க பட்டினி, இங்கே ஒரு பண்ணையில தானியம் நிறைஞ்சிருக்கு, நாள் குறையுது. அந்த இடத்துல என் கை கோடரிக்குப் போனதை நான் பார்த்தேன். அவங்க ஏன் அப்படி வாழ்ந்தாங்கன்னு எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு நெருக்கமாச் சொன்னதில்ல.

செஞ்சுடர்

இதுவரை வந்ததில் வலுவான வாதம் இதுதான். ஆனால் அதன் மறுபாதியை நீங்கள் சொல்லவில்லை.

லிண்டிஸ்ஃபார்ன் தாக்குதலுக்குப் பிறகு அல்குவின் அந்த மடத்து ஆயருக்குக் கடிதம் எழுதினார். நார்தம்பிரியாவில் பிறந்து, பிராங்கு மன்னர் சார்லமேனின் அவையில் இருந்த அறிஞர் அவர். பிடித்துக்கொண்டுபோன சிறுவர்களை மீட்க மன்னரின் உதவியை நாடுவதாக அதில் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவர்கள் திரும்பி வந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. கெடு என்னைக் கொள்ளைக்குத் தள்ளுகிறது என்றால், பறிகொடுத்தவர்களின் பக்கமும் அதே அழுத்தத்தோடு என் மேல் விழ வேண்டும். இந்த கேமில் கொள்ளைக்குப் பின் எனக்குக் கிடைப்பது பொருளும், என் குழுவில் சிலருடைய மனத்தாங்கலும்தான். அவரவர் குணத்துக்கு ஏற்ப ஒருவர் முகம் சுளிக்கிறார், ஒருவர் மகிழ்கிறார். அது நல்ல அமைப்பு, பாராட்டுகிறேன். ஆனால் பண்ணையில் மிஞ்சியவர்கள் அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்று கேம் சொல்வதில்லை. கொள்ளையடிப்பவரின் பசி மட்டும் விதியாக இருக்கிறது. பறிகொடுத்தவரின் பசி விதியாக இல்லை. வரலாறு விதியில் இருக்கிறது என்றால் யாருடைய வரலாறு என்று கேட்பேன்.

ஹெக்ஸ்_ராஜா

இடையில ஒரு உண்மை. கெடு தாராளமாத்தான் வச்சிருக்காங்க. ஒரு தடவை முடிச்சவங்களுக்குத் தெரியும், பெரும்பாலான வேலைகளை முடிச்சுட்டும் நாள் மிஞ்சும். செஞ்சுடர், யார்க்ல நீங்க திரும்பி நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்ல.

செஞ்சுடர்

அப்படியானால் அது இன்னும் மோசம். இல்லாத ஆபத்தைக் காட்டிப் பயமுறுத்தி, இருக்கிற கதையை நான் விட்டுப்போகும்படி செய்திருக்கிறார்கள். உண்மையில் நெருக்குகிற கெடு என்றால் கடல்நாகத்தின் வாதம் நிற்கும். கெடுவே வேண்டாம் என்றால் என் வாதம் நிற்கும். பயம் மட்டும் வைத்து நெருக்கடி வைக்காத கெடுவுக்கு யார் வாதாடுவது?

கடல்நாகம்

நான் வாதாடறேன். நாள் போதுமான்னு தெரியாத பயம்தான் தலைவனோட நிலைமை. அவனுக்கு மட்டும் முன்கூட்டியே கணக்குத் தெரிஞ்சிருந்ததா? முதல் தடவை ஆடினப்போ எனக்குத் தூக்கம் வரல. அந்த முதல் தடவைதான் கேம். ரெண்டாவது தடவை சண்டையை ரசிக்கிறதுக்கு.

யூட்லாந்துக்காரி

கடல்நாகம், பிரயாண நாளை மட்டும்தான் கேம் எண்ணுது. எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒண்டு இருக்கு. கப்பல் கட்ட மரமும் ஆளும் வேணும் எண்டு காட்டுறாங்கள். பாய்? கோக்ஸ்டாட் அளவு கப்பலுக்குப் பாய் 100 சதுர மீட்டருக்கு மேல இருந்திருக்கும் எண்டு கணிக்கினம். அவ்வளவும் செம்மறியாட்டு மயிர், அவ்வளவும் கதிரில கையால நூத்தது, பிறகு தறியில நெய்தது. கப்பலை விடப் பாய்க்குத்தான் கூட நேரம் போயிருக்கும் எண்டு திரும்பச் செய்து பாத்த ஆக்கள் சொல்லுகினம். ராட்டினம் இல்லாத காலம் அது. ஸ்கியெர்ன் மாதிரி ஒரு ஊரில பொம்பிளையள் வருசக்கணக்கா நூத்தால்தான் ஒரு கப்பல் மேற்கால போகும்.

எனக்கு உந்தக் கெடு பிந்தித் தொடங்கின மாதிரி இருக்கு. ஊரில கதிர் சுத்துறதிலயிருந்து எண்ணத் தொடங்கியிருக்க வேணும். எத்தினை பேரைச் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போறது, எத்தினை பேரை நூக்கவும் ஆடு பாக்கவும் விடுறது எண்டு தலைவி யோசிக்க வேணும். போனவன் செத்தால் ஊரில ஒரு கை குறையும். ஹெக்ஸ்_ராஜா சொன்ன ரெண்டாம் பாதிப் பிரச்சினையும் அப்ப தீர்ந்திருக்கும், ஏனெண்டால் சண்டையில ஆர் விழாட்டிலும் ஊர் உங்களை விடாது.

ஹெக்ஸ்_ராஜா

அக்கா, அதுக்கு நான் முழுக் காசு கொடுத்து வாங்குவேன்.

பழந்தாள்

கெடுவைக் காற்றோடு கட்டச் சொன்னதில் ஒரு வரலாற்றுச் சிக்கலும் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வைக்கிங் படையினர் இங்கிலாந்தில் முதன்முறையாகக் குளிர்காலம் முழுதும் தங்கியதாக, அந்தக் கால ஆங்கிலேயர் ஆண்டுவாரியாக எழுதிய ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்வது 850-51-இல், தானெட் தீவில். 790-களில் வந்தவர்கள் அந்தக் கோடையிலேயே திரும்பியிருப்பார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். ஆகவே திரும்பிப்போகும் கட்டாயம் அந்தப் பத்தாண்டுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. ஒரு நூற்றாண்டு தள்ளிக் கதை வைத்திருந்தால் கெடுவுக்கு அடிப்படையே இருந்திருக்காது.

வணிகனா கொள்ளையனா என்ற குழப்பமும் அந்தப் பத்தாண்டுக்கே உரியது. 789 வாக்கில் இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லாந்தில் வைக்கிங்குகளின் மூன்று கப்பல் வந்து நின்றபோது, அரசனின் அதிகாரி பியாடுஹியர்ட் அவர்களை வணிகர் என்று நினைத்து அரசனின் ஊருக்கு அழைத்துப்போகக் கிளம்பினார். அவரைக் கொன்றுவிட்டார்கள். இந்த கேமில் நீங்கள் கரையிறங்கும்போது எதிரில் நிற்பவர்கள் உங்களை என்னவென்று நினைப்பது எனத் தடுமாறுகிறார்களே, அதை எழுதியவர்கள் நன்றாகப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

செஞ்சுடர்

அப்படியென்றால் நான் கேட்பது இதுதான். காற்று மாறிவிட்டது, திரும்ப முடியவில்லை என்ற நிலையிலும் கேம் தொடரட்டும். 850-க்கு முன்பு யாரும் தங்கியதாக ஆண்டுக்குறிப்பில் இல்லை என்பதால், தங்கினால் என்ன ஆகியிருக்கும் என்று ஆடிப் பார்க்கக் கூடாதா? யார்க் அரசன் இடம் கொடுப்பானா? உணவுக்கு என்ன வழி? குழுவில் எத்தனை பேர் கோபித்துப் பிரிவார்கள்? வசந்தத்தில் ஊர் திரும்பும்போது நிலத்தில் பாதியை அண்டைத் தலைவன் உழுதுகொண்டிருப்பான். விலை கொடுக்க நான் தயார். எந்த விலை என்று நானே தேர்ந்துகொள்ள வழி விடுங்கள்.

கடல்நாகம்

அந்த வழி இருந்தா எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. கெடு பல்லில்லாத பாம்பாயிடும்.

செஞ்சுடர்

எடுக்கட்டுமே. பாதி நிலம் போன ஊருக்கு வந்து நின்று, ஏன் பிந்தினாய் என்று கேட்கும் தாயிடம் ஒரு தலைவன் என்ன பதில் சொல்வான் என்று ஆட எனக்கு ஆசை. யார்க்கில் நான் கேட்காமல் விட்ட கதைகளை அந்தக் குளிர்காலத்தில் கேட்டிருப்பேன்.

ஹெக்ஸ்_ராஜா

அதுவரைக்கும் இருக்கிறதை ஆடுவோம். இந்த வாரக்கடைசியில ரீலோட் இல்லாம, கஷ்ட அளவுல புதுசாத் தொடங்கறேன். டேன் கோடரியைத் தொட மாட்டேன், பழந்தாளுக்காக. ரெண்டு ஈட்டி, ரெண்டு கேடயம், ஒரு வில், ஒரு மருத்துவர். இந்த முறை பிக்ட் பக்கம். செஞ்சுடர், நீங்களும் அதே நேரம் தொடங்குங்க, யார்க்ல யாரையும் விடாதீங்க. முடிவுல யாருக்கு எத்தனை நாள் மிஞ்சுதுன்னு இங்கேயே எழுதுவோம்.

செஞ்சுடர்

சனிக்கிழமை இரவு தொடங்குகிறேன்.